கம்பெயார் டு, கம்பெயார் வித்: எதை எங்கே போடுறது?

உப்புவெளி_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் பரீட்சையின் அகடமிக் எழுத்துத் தாளில் முதல் வினாவுக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். வினாவின் கீழே வழக்கமாக ஒரே கட்டளைதான்: முக்கியமான அம்சங்களைத் தெரிந்தெடுத்துச் சொல், பொருத்தமான இடத்தில் ஒப்பிடு. அந்த ஒப்பிடுற இடத்திலதான் சிக்கல்.

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைக் கிழக்கு மாகாணத்தின் மூன்று மாவட்டங்களின் சனத்தொகையையும் வைத்து எழுதின பயிற்சி இது. திருகோணமலை 379,541, மட்டக்களப்பு 526,567, அம்பாறை 649,402. நாலு வரிக்குச் சிவப்புக் கோடு விழுந்திருக்குது, காரணம் ஒன்றும் எழுதேல்ல. ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே விடுறன்.

1) "கம்பெயாரிங் டு மட்டக்களப்பு, திருகோணமலை ஹாட் எ மோர் ஸ்மோலர் பொப்பியுலேஷன்."
2) "த பொப்பியுலேஷன் ஒஃப் திருகோணமலை வாஸ் ஸ்மோலர் தான் மட்டக்களப்பு."
3) "இஃப் வீ கம்பெயார் பிட்வீன் அம்பாறை அண்ட் திருகோணமலை, அம்பாறை வாஸ் லார்ஜர்."
4) "திருகோணமலை வாஸ் 39 பேர்சன்ட் ஸ்மோலர் தான் மட்டக்களப்பு."

(அந்தத் "தான்" ஆங்கிலத் தான். நம்முடைய "அவன்தான்" இல்லை.)

என்ர கேள்வி இரண்டு. டு எங்கே, வித் எங்கே? கம்பெயார் என்றால் ஒற்றுமையை மட்டும் சொல்லுறதா, வேற்றுமையும் சேர்த்தா? வகுப்பில் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்.

கொட்டியாரக்குடா

முதலில் டு, வித். தமிழில் இவை இரண்டு வேலை, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ஒன்றை இன்னொன்றைப் போல என்று காட்டினால் உவமித்தல். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது ஒத்துப்போகிறது, எது விலகுகிறது என்று பார்த்தால் ஒப்பிடுதல். ஆங்கிலம் இந்த இரண்டையும் கம்பெயார் என்ற ஒரே வினைச்சொல்லின் தலையில் கட்டிவிட்டு, வித்தியாசத்தைப் பின்னால் வரும் சின்னச் சொல்லிடம் விட்டுவிட்டது.

நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தையே எடுங்கள். குடாவும் முனையுமாகப் பிரிந்து கிடக்கும் அதன் கரையை, விரித்த கைக்கு உவமிக்கலாம். அங்கே "கம்பெயார் த ஹாபர் டு என் ஓப்பன் ஹேண்ட்." துறைமுகமும் கையும் ஒரே வகைப் பொருள் அல்ல, ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை, ஒரு சாயலைக் காட்டினோம், அவ்வளவுதான். அதே துறைமுகத்தைக் கொழும்புத் துறைமுகத்தோடு வைத்துப் பாருங்கள். இது இயற்கையாக அமைந்தது, அது அலைதடுப்புச் சுவர் கட்டி உருவாக்கியது. இது ஆழம் கூடியது, அது சரக்குப் போக்குவரத்துக் கூடியது. இங்கே "கம்பெயார் த ஹாபர் வித் கொலம்போ ஹாபர்." ஒரே வகைப் பொருள் இரண்டு, நுணுக்கமான பார்வை, முடிவில் ஒற்றுமையும் வேற்றுமையும்.

அணியிலக்கணம் படித்தவர்களுக்கு இன்னும் சுலபம். உவமையணி என்றால் டு. வேற்றுமையணி என்றால் வித். பள்ளியில் வேற்றுமையணிக்குக் காட்டும் 129ஆம் குறளை நினையுங்கள். தீயும் சுடுகிறது, நாவும் சுடுகிறது, அதுவரை ஒற்றுமை. ஒரு புண் ஆறுகிறது, மற்றது ஆறவில்லை, அங்கே வேற்றுமை. "வித்" கேட்கும் வேலை முழுவதும் அந்த ஒன்றேமுக்கால் அடிக்குள் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே வந்துவிட்டது. கம்பெயார் என்றால் இரண்டும்தான். சொல்லின் வேர் இலத்தீனில் "பார்", சமம் என்று பொருள். சோடியைக் குறிக்கும் "பெயார்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. சமமாகப் பக்கத்தில் நிறுத்துவதுதான் தொடக்கப் பொருள். நிறுத்தின பிறகு வேற்றுமையும் கண்ணில் படத்தானே செய்யும்? வேற்றுமையை மட்டும் கேட்பது கொன்ட்ராஸ்ட். வினாத்தாளில் "கம்பெயார் அண்ட் கொன்ட்ராஸ்ட்" என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது, வேற்றுமையைப் பிள்ளைகள் விட்டுவிடக்கூடாது என்பதற்காக. "கம்பெயார்" என்று மட்டும் வந்தாலும் வேற்றுமையை எழுதாமல் விட்டால் விடை பாதிதான்.

ஒன்று மட்டும். "கம்பெயார்ட்" என்ற வடிவம் வாக்கியத்தின் ஓரத்தில் வரும்போது இந்த எல்லை மங்கிவிடும். "கம்பெயார்ட் டு லாஸ்ட் இயர்", "கம்பெயார்ட் வித் லாஸ்ட் இயர்" இரண்டும் இன்று சரி. அமெரிக்க எழுத்தில் டு கூடுதல்.

கிண்ணியா_ஆசான்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா தங்கச்சி, உங்கட நாலு வரியிலயும் டு-வித் பிழை ஒன்றுகூட இல்லை, அதைக் கவனியுங்க. வகுப்பில எல்லாரும் சண்டை பிடிக்கிறது டு-வித்துக்கு. புள்ளி போறது வேற இடத்தில.

முதலாவது வரி. "கம்பெயாரிங்" என்று தொடங்கினா, ஒப்பிடுற ஆள் யார் என்று ஆங்கிலம் தேடும். கமாவுக்குப் பிறகு முதலில் நிற்கிறவர்தான் அந்த ஆள். உங்கட வரியில அங்க நிற்கிறது திருகோணமலை. அப்ப திருகோணமலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து மட்டக்களப்பை ஒப்பிட்டுப் பார்க்குது என்று ஆகுது! ஊர் ஒப்பிடாது, ஊர் ஒப்பிடப்படும். அதனால "கம்பெயார்ட்."

இந்தப் பிழை ஏன் வருது? தமிழில "ஒப்பிடும்போது", "ஒப்பிட்டால்" என்று சொன்னா ஒப்பிடுற ஆளைச் சொல்லத் தேவையில்லை, அவர் மறைந்து நிற்பார். அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனா "கம்பெயாரிங்" வந்து விழும். "கம்பெயாரிங்" எங்கே சரி என்றால், ஆள் நிற்கிற இடத்தில: "கம்பெயாரிங் த டூ ஃபிகர்ஸ், வீ ஸீ எ கேப்." ஒப்பிட்டது நாங்கள், கமாவுக்குப் பக்கத்தில "வீ" நிற்குது.

"கம்பெயார்ட்" போட்டாலும் கமாவுக்குப் பிறகு நிற்கிறதைச் சரிபாருங்க. "கம்பெயார்ட் வித் கொலம்போ, ஐ லைக் திருகோணமலை" என்று நிறையப் பேர் எழுதுறாங்க. அதுக்குப் பொருள், கொழும்போட ஒப்பிடப்பட்ட நான் திருகோணமலையை விரும்புறன். உங்களையும் கொழும்பையும் யார் ஒப்பிட்டது? "ஐ ப்ரிஃபேர் திருகோணமலை டு கொலம்போ" என்று எழுதிட்டுப் போங்க, கம்பெயாரே வேணாம்.

அதே வரியில "மோர் ஸ்மோலர்." இதுக்கும் வேர் தமிழிலதான். "இந்த மீன் பெரிசு", "அதைவிட இந்த மீன் பெரிசு": இரண்டு இடத்திலயும் "பெரிசு" மாறேல்ல. ஒப்பீட்டுச் சுமை முழுக்க "விட" சுமக்குது. "அதைப் பார்க்க இது நல்லம்" என்று பேசினாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில பெயரடையே மாறும், "ஸ்மோல்" "ஸ்மோலர்" ஆகும். அந்த மாற்றம் நம்மட காதுக்குப் பழக்கமில்லாததால, அது போதுமா என்று சந்தேகம் வந்து பாதுகாப்புக்கு ஒரு "மோர்" சேர்க்கிறம். சேர்க்கக்கூடாது. சின்னச் சொல்லுக்கு "அர்" என்ற வால், நீண்ட சொல்லுக்கு மோர், இரண்டில ஒன்றுதான்.

இதில ஒரு வசதி இருக்கு. "கம்பெயார்ட் வித்" ஆங்கிலத்தில கிட்டத்தட்ட நம்மட "விட" மாதிரி, ஒப்பீட்டைத் தானே சுமக்கும். பாரை, கீரி என்ற இரண்டு மீன்களை வைத்து "கம்பெயார்ட் வித் பாரை, கீரி இஸ் சீப்" என்று வாலில்லாமல் எழுதலாம், சரியான வாக்கியம். "சீப்பர்" என்றும் பேச்சில சொல்றாங்க, கவனமா எழுதுறவங்க தவிர்ப்பாங்க. "தான்" வந்தா மட்டும் வால் கட்டாயம்: "கீரி இஸ் சீப்பர் தான் பாரை."

இரண்டாவது வரி, இதுதான் நாலிலயும் மோசம், கண்டுபிடிக்கவும் கஷ்டம். இடப்பக்கத்தில என்ன நிற்குது? சனத்தொகை. வலப்பக்கத்தில? ஒரு ஊர். சனத்தொகையை ஊரோட ஒப்பிடுறது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற வேலை. வலப்பக்கத்திலயும் சனத்தொகை வர வேணும், திரும்ப அதே சொல்லை எழுதாமல் "தாட் ஒஃப்" போடுறது: "ஸ்மோலர் தான் தாட் ஒஃப் மட்டக்களப்பு." பன்மையா இருந்தா, உதாரணத்துக்கு விலைகள், வீதிகள் என்று வந்தா, "தோஸ் ஒஃப்." தமிழில "திருகோணமலையின் சனத்தொகை மட்டக்களப்பைவிடக் குறைவு" என்று சொன்னா ஒருத்தரும் குறை பிடிக்க மாட்டாங்க, "மட்டக்களப்பினதைவிட" என்பது மனதுக்குள்ள நிரம்பிடும். ஆங்கிலப் பரீட்சகர் நிரப்ப மாட்டார்.

"கம்பெயார்ட் வித்" போட்டாலும் இதே சட்டம்தான். எழுதி முடிச்சதும் இரண்டு பக்கத்திலயும் விரலை வைத்துப் பாருங்க: எண்ணுக்கு எண், ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு.

மூன்றாவது வரி. கம்பெயார் என்ற வினைக்குப் பிறகு "பிட்வீன்" வராது. "கம்பெயார் அம்பாறை அண்ட் திருகோணமலை", இல்லாட்டி "கம்பெயார் அம்பாறை வித் திருகோணமலை." பெயர்ச்சொல்லாக்கினா மட்டும் பிட்வீன் வரும்: "எ கம்பாரிசன் பிட்வீன் அம்பாறை அண்ட் திருகோணமலை." பெயருக்குரியதை வினையில ஒட்டிடுறாங்க, அதுதான் பிழையின் வழி.

சீனக்குடா_கணக்கு

நாலாவது வரி இலக்கணம் இல்லை, கணக்கு. ஆசான் தொடாததால் சொல்லுறேன்.

"வித்" அல்லது "தான்" என்பதற்குப் பிறகு நிற்பதுதான் அடி, அதாவது அடிப்படை எண். அதால்தான் வகுக்க வேணும். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வித்தியாசம் 147,026.

திருகோணமலை மட்டக்களப்பைவிட எவ்வளவு குறைவு? அடி மட்டக்களப்பு. 147,026 ஐ 526,567 ஆல் வகுத்தால் 28 சதவீதம்.

மட்டக்களப்பு திருகோணமலையைவிட எவ்வளவு கூட? அடி திருகோணமலை. 147,026 ஐ 379,541 ஆல் வகுத்தால் 39 சதவீதம்.

நீங்கள் இரண்டாவது கணக்கைச் செய்து முதலாவது வாக்கியத்தை எழுதியிருக்கிறீர்கள். வாக்கியத்தைத் திருப்பினால் எண்ணும் மாறும். "39 சதவீதம் கூட" என்பதைத் திருப்பி "39 சதவீதம் குறைவு" என்று ஒருபோதும் எழுத ஏலாது.

இன்னொன்று. அம்பாறை திருகோணமலையைப் போல 1.7 மடங்கு. அதை "1.7 டைம்ஸ் லார்ஜர் தான்" என்று எழுதினால் சிலர் 1.7 மடங்கு என்று வாசிப்பினம், சிலர் ஒன்றோடு 1.7ஐக் கூட்டி 2.7 மடங்கு என்று வாசிப்பினம். "1.7 டைம்ஸ் அஸ் லார்ஜ் அஸ்" என்று எழுதுங்கள், குழப்பமே இல்லை.

நிலாவெளி_கரை

இவ்வளவு நுணுக்கம் தேவையா? அந்தப் பரீட்சையில் டு-வித்துக்கு என்று தனியாகப் புள்ளி கிடையாது. எல்லா இடத்திலும் "கம்பெயார்ட் டு" போட்டாலே போதும்.

கொட்டியாரக்குடா

தனிப் புள்ளி இல்லை, உண்மை. ஆனால் அந்த வினாவுக்குப் புள்ளி நாலு வகையில் போகிறது: கேட்டதைச் செய்தீர்களா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். "தாட் ஒஃப்" இல்லாமல் போனால் இலக்கணத்தில் விழும். 28க்குப் பதில் 39 போட்டால் தரவையே பிழையாகச் சொன்னதாகி முதல் வகையில் விழும். "கம்பெயார்ட் டு" பற்றி நீங்கள் சொன்னது சரிதான், வாக்கிய ஓரத்தில் அதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். வினையாக வரும்போது மட்டும் வேண்டாம். "வீ கம்பெயார்ட் திருகோணமலை டு கொலம்போ" என்றால், திருகோணமலையும் ஒரு கொழும்புதான் என்று புகழ்ந்த மாதிரியும் தொனிக்கும்.

கன்னியா_ஏழு

யாரும் தொடாத சில சில்லறை விசயங்கள்.

"கம்பெயார்ட் டு" என்பதில் வரும் "டு" வினைக்கு முன்னால் வரும் டு இல்லை, இது வேற்றுமை உருபு மாதிரி. பெயர்தான் பின்னால் வரும். இரவு ரயிலில் கொழும்புக்குப் போறதைப் பஸ் பயணத்தோட ஒப்பிடுறதென்றால் "கம்பெயார்ட் டு கோயிங் பை பஸ்." "கம்பெயார்ட் டு கோ பை பஸ்" பிழை. வித் போட்டுச் சொல்லிப் பாருங்கள். "வித் கோ" என்று நாக்கு வராது, "வித் கோயிங்" வரும். பிழை உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது உச்சரிப்பு. கொம்பனி, கொம்பியூட்டர் என்று சொல்லிப் பழகின வாய் "கொம்பெயார்" என்று அழுத்தும். முதல் அசை மெலிந்த "கம்", அழுத்தம் "பெயார்" மேலே. கம்பாரிசன் என்பதில் அழுத்தம் "பா" மேலே. ஆனால் ஒப்பிடத்தக்க என்ற பொருளில் வரும் கொம்பரபிள் என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிடும், அங்கே நிறைந்த "கொம்" வரும், நடுவில் உள்ள "ர" பாதி விழுங்கப்படும். "கம்பாரபிள்" என்று சொல்லுறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பிழை என்று சொல்ல முடியாது. பேச்சுப் பரீட்சைக்கு முதலாவதே நல்லம்.

செயப்படுபொருள் இல்லாமலும் இந்த வினை வரும். "ஹவ் டஸ் நிலாவெளி கம்பெயார் வித் பாசிக்குடா?" என்றால், பாசிக்குடாக் கடற்கரைக்குப் பக்கத்தில் வைத்தால் நிலாவெளிக் கடற்கரை எப்படி என்று கேட்கிறது. "இட் கான்ட் கம்பெயார்" என்றால் கிட்டவும் நிக்கேலாது. இதை "ஒப்பிட முடியாதது" என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும். தமிழில் "ஒப்பிட முடியாதது" என்றால் உயர்ந்தது, அந்த ஆங்கில வரியில் அது தாழ்ந்தது. உயர்ந்தது என்று சொல்ல "பியோண்ட் கம்பெயார்" என்ற பழைய தொடர் இருக்குது, கவிதை வாடை அடிக்கும், பரீட்சையில் வேண்டாம்.

"கம்பெயார் நோட்ஸ்" என்றால் கொப்பியைக் கொப்பியோடு சரிபார்க்கிறது என்று நிறையப் பேர் நினைக்கினம். ஒரே விசயத்தை அனுபவித்த இரண்டு பேர் இருந்து கதைத்துப் பார்க்கிறது, அதுதான் பொருள். கொப்பி தேவையில்லை.

அடிக்குறிப்புகளில் வரும் "சி.எஃப்." என்ற சுருக்கமும் இந்தக் குடும்பத்து வேலையைத்தான் செய்யுது. இலத்தீன் "கொன்ஃபர்", ஒப்பிட்டுப் பார் என்று பொருள். நம் தமிழ் நூல்களில் "ஒ.நோ." என்று போடுவார்களே, ஒப்பு நோக்குக, அதே வேலை. வெறுமனே "பார்க்க" என்ற பொருளில் போடுறது பிழை.

உப்புவெளி_வாசகி

எல்லாருக்கும் நன்றி. ஆசான் சொன்ன விரல் வைக்கிற முறை நல்லா உதவுது. திருத்தி எழுதினது:

"அம்பாறை வாஸ் த லார்ஜஸ்ட் டிஸ்ட்ரிக்ட், வித் 649,402 பீப்பிள், கம்பெயார்ட் வித் 526,567 இன் மட்டக்களப்பு. இட்ஸ் பொப்பியுலேஷன் வாஸ் 1.7 டைம்ஸ் அஸ் லார்ஜ் அஸ் தாட் ஒஃப் திருகோணமலை. த நம்பர் ஒஃப் பீப்பிள் இன் திருகோணமலை வாஸ் 28 பேர்சன்ட் லோவர் தான் மட்டக்களப்பு."

கிண்ணியா_ஆசான்

முதல் வரி நல்லம். எண்ணுக்கு எண், 649,402க்கு 526,567, சரியா நிற்குது. ஆண்டு 2012 என்றதால "வாஸ்", அதுவும் சரி. ஆனா "லார்ஜஸ்ட்" என்றால் பரப்பளவா, சனத்தொகையா? "த மோஸ்ட் பொப்பியுலஸ் டிஸ்ட்ரிக்ட்" என்று போடுங்க. இரண்டாவது வரியில கை வைக்கத் தேவையில்லை.

மூன்றாவது வரியில விரலை வையுங்க தங்கச்சி. இடப்பக்கம் ஆட்களின் தொகை, வலப்பக்கம் திரும்பவும் ஊர். "லோவர் தான் இன் மட்டக்களப்பு." ஒரு "இன்" தான் குறைவு.